கருப்பனுக்கு மூன்று சொட்டு

லோயர் கேம்பில் தொடங்கி வீரபாண்டி வரைக்கும், முல்லையாற்றை ஒட்டிய ஊர்களில் நான் உட்கார்ந்து குடிக்காத பார் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் எனக்கு 2 ஏக்கர் பன்னீர் திராட்சை. காய் வெட்டி வியாபாரி பணம் கொடுத்த நாள், மருந்தடித்து உடம்பெல்லாம் மயில்துத்தம் வீசுகிற நாள், மழையில் குலை வெடித்து ஈ மொய்க்கிற நாள், எல்லா நாளும் சாயங்காலம் கால் அந்தப் பக்கம்தான் போகும். 19 வயதில் தொடங்கியது. இப்போது 58.

ஆகவே நல்ல பார் எது, ஆகாத பார் எது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. ஆற்றங்கரைத் தென்னந்தோப்புக்குள் ஒன்று இருக்கிறது. தகரக் கொட்டகைதான், ஆனால் காற்று வரும். அங்கே ஓர் அம்மா குடல் வறுவல் போடுவார், மிளகைக் கையில் நுணுக்கித் தூவுவார், அதற்காகவே போவேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இன்னொன்றில் நாற்காலி கிடையாது. சுவரை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திண்டு. அதில் டம்ளரை வைத்துச் சுவரைப் பார்த்தபடி நின்று குடிக்கவேண்டும். மூன்று நிமிடத்தில் 180 மில்லியை முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு போகிறவர்களை அங்கே பார்க்கலாம். மருந்து குடிக்கிற பிள்ளைகூட அம்மா முகத்தைப் பார்த்துக் குடிக்கும்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அரசுக் கடையில் சரக்கு விற்கிற வருமானம் அரசுக்கு. பக்கத்தில் இருக்கிற பாரை ஏலத்தில் எடுத்தவருக்கு வெகுகாலம் இருந்தது தின்பண்டம் விற்கிற உரிமையும், காலி பாட்டிலை எடுத்துக்கொள்கிற உரிமையும்தான். நாம் உட்கார்ந்து பேசுவதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. பாட்டில் சீக்கிரம் காலியாகவேண்டும், இடம் சீக்கிரம் காலியாகவேண்டும். மனிதர்கள் கூடுவதற்கென்று கட்டிய இடமே இல்லை அது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சாலையில் சாகிறவர்களை நினைத்துச் சொன்ன சரியான தீர்ப்பு. ஆனால் 2017 ஏப்ரலுக்குப் பிறகு பல கடைகள் தோப்புக்குள்ளும் வாய்க்கால் வரப்புக்கும் போயின. அந்த வழியில்தான் பெண்கள் களையெடுக்கப் போவார்கள். அவர்கள் ரோட்டில் உட்கார்ந்து மறித்தபோது, நான் ஓரமாக நின்று பார்த்தேன். அவர்கள் பக்கம் நியாயம் என்று தெரிந்தும், போய் உட்காரவில்லை.

நான் பார்த்த முதல் குடிக்கிற இடம் இப்படி இல்லை. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தன. எங்கள் ஊரை அடுத்த கள்ளுக்கடை ஒரு கீற்றுக் கொட்டகை. அப்பாவைக் கூப்பிட்டுவர அம்மா என்னைத்தான் அனுப்புவாள். மண் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சுட்ட கருவாடு, அவித்த மொச்சை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்பா நாலாவது கலயத்துக்குக் கையை நீட்டினால், எதிரே இருக்கிற பெரியவர், "போதும்டா, பய வந்து நிக்கிறான் பாரு, எந்திரி" என்பார். அப்பா எழுந்துவிடுவார். வீட்டில் அம்மா சொன்னால் எழமாட்டார், அதுவும் உண்மை. அம்மாவின் கையில் அவரால் வந்த தழும்பையும் நான் பார்த்திருக்கிறேன். கள்ளுக்கடையைச் சொர்க்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒருவன் எவ்வளவு குடிக்கிறான் என்று பார்க்க அங்கே நாலு கண் இருந்தது. 1987 ஜனவரி 1-ஆம் தேதியோடு கள்ளும் சாராயமும் போயின. பாட்டில் மட்டும் நின்றது. 2003 நவம்பரிலிருந்து அதைச் சில்லறையாக விற்பதும் டாஸ்மாக்தான்.

அண்ணன் மகள் கோவையில் ஆங்கிலம் படிக்கிறாள். நான் குடிப்பதை வெறுக்கிறவள். அவள்தான் ஒரு நாள் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய ஒரு கட்டுரையைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். லண்டனில் தனக்குப் பிடித்த மதுக்கடையைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பரிமாறுகிற பெண்களுக்கு வந்தவர்களின் பெயர் தெரியும். பின்னால் தோட்டம், பிள்ளைகள் விளையாட ஊஞ்சல். பேசுகிற அளவுக்கு அமைதி. எல்லாம் சொல்லிவிட்டு, அப்படி ஒரு கடை இல்லவே இல்லை, என் ஆசையைத்தான் எழுதினேன் என்று முடிக்கிறாராம். பப் என்பதன் முழுப்பெயருக்குப் பொது வீடு என்று அர்த்தம், சித்தப்பா, என்றாள். அந்த இரண்டு வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. வீடு மாதிரி இருந்தால் அங்கே ஒரு கேள்வி இருக்கும். ஏன் நேற்று வரவில்லை, ஏன் இன்று இவ்வளவு, சாப்பிட்டாயா.

குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளத்துக் கள்ளு ஷாப்பு. கப்பையும் மீன்கறியும் வைத்து, பெஞ்சில் உட்காரவைத்து ஊற்றுவார்கள். அங்கே அது பெரும்பாலும் சாப்பாட்டுக்கடை, கூடவே கள்ளு. எங்கள் பள்ளத்தாக்கில் அதே தென்னை, அதே பாளை. சீவிக் கலயம் கட்டினால் வழக்கு. எங்கள் தாத்தா 1970-இல் குடித்திருந்தால் குற்றவாளி. 1972-இல் வாடிக்கையாளர். 1975-இல் மறுபடி குற்றவாளி. மனிதன் மாறவில்லை, கள்ளும் மாறவில்லை. ஆகவே குடிப்பது பாவமா என்கிற கேள்விக்குச் சட்டத்திடம் பதில் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாவத்துக்குச் செக்போஸ்ட் போட முடியாது.

பதிலைச் சாமியிடம்தான் கேட்கவேண்டும். சாமிகளோ ஒன்றுபோலச் சொல்லவில்லை.

உத்தமபாளையத்தில் எனக்கு ஒரு ராவுத்தர் கூட்டாளி, திராட்சைக் கமிஷன் வியாபாரம். 30 வருடப் பழக்கம், ஒரு சொட்டு தொட்டதில்லை. "மாப்ள, அதுல மனுசனுக்குக் கொஞ்சம் நன்மையும் இருக்குன்னு குர்ஆனே சொல்லுது. ஆனா பாவம் அந்த நன்மைய விடப் பெருசுன்னு சொல்லிருச்சு. அப்பறம் என்ன பேச்சு?" என்பார். நன்மையை மறைக்காமல் சொல்லிவிட்டு மறுக்கிற அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ராயப்பன்பட்டி மாதா கோவிலிலோ, பூசையில் சாமியார் கிண்ணத்தில் எடுப்பது திராட்சை ரசம். அது அவர்களுக்கு இயேசுவின் இரத்தம். எங்கள் பன்னீர் திராட்சையையே பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ராவுத்தரும் நானும் ராயப்பன்பட்டிக்காரர் ஒருவரும் சேர்ந்து டீக்கடையில் வடை தின்றோம்.

விலை போகாத பழத்தைத் தோட்டத்து மூலையில் கொட்டுவோம். மூன்றாம் நாள் போனால் நுரைத்துக் கிடக்கும். மணம் மூக்கில் ஏறும். யாரும் எதையும் கலக்கவில்லை. பழத்தைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிர் தோட்டத்திலேயே, பழத்தின் தோலிலேயே இருக்கிறது. இதைச் செய்தது கடவுள் என்றால், இதைக் குடிக்காதே என்று சொல்கிறவரும் அவரேதானா என்று அந்த மூலையில் நின்று பல முறை யோசித்திருக்கிறேன். அரளிக்கும் விஷத்தை அவர்தான் வைத்தார் என்பதும் அப்போதே நினைவுக்கு வரும். கள் இறக்குகிற சமூகத்தில் பிறந்த நாராயண குரு, மதுவை விஷம் என்றார். அதைச் செய்யவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்றார். தன் சனத்தின் வயிற்றுப்பிழைப்பையே எதிர்த்துச் சொன்ன சொல். அதன் முன்னால் என் திராட்சை வாதம் சின்னதாகிவிடுகிறது.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை எங்கே வைத்தார் என்று பார்த்தபோதுதான் எனக்கு ஒரு வாசல் திறந்தது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில், துறவறத்தில் இருக்கிறது. கள்ளுண்ணாமை அங்கே இல்லை. பொருட்பாலில், 93-ஆம் அதிகாரம். நட்பில் தொடங்குகிற நட்பியலில், முன்னால் வரைவின் மகளிர், பின்னால் சூது. புலால் உண்ணாதே என்று துறவிக்குச் சொன்னவர், கள்ளை மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கிற சங்கதியாகப் பார்த்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். படித்தவர்கள் மறுக்கலாம். ஆனால் அந்தப் பத்துக் குறளையும் பாருங்கள். பெற்ற தாய் முன்னாலேயே துன்பம் என்றால் சான்றோர் முன்னால் என்ன ஆகும் என்கிறார். நாணம் என்கிற நல்லாள் குடிப்பவனுக்கு முதுகைக் காட்டிப் போவாள் என்கிறார். மறைத்துக் குடிப்பவனை உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள் என்கிறார். குடிக்காமல் இருக்கிற ஒரு நாள், குடித்துக் கிடப்பவனைப் பார்த்தால் தன் கோலம் நினைவுக்கு வராதா என்று கேட்டு முடிக்கிறார். கடவுள் கோபிப்பார், நரகத்துக்குப் போவாய் என்கிற பேச்சே இல்லை. பல குறளில் எதிரே ஒரு முகம் இருக்கிறது. நாங்கள் சுவரைப் பார்த்து நின்று குடிப்பது அந்த முகங்களுக்குப் பயந்துதான்.

அதே தமிழில்தான் ஔவை அதியமானுக்கு அழுதாள். கள் கொஞ்சமாக இருந்தால் அவளுக்கே கொடுத்துவிடுவானாம். நிறைய இருந்தால் அவள் பாடப் பாடச் சேர்ந்து குடிப்பானாம். செத்த ராசாவைப் பற்றிச் சொல்ல எத்தனையோ போர் இருக்க, அவள் முதலில் நினைத்தது கொஞ்சக் கள்ளை அவன் என்ன செய்தான் என்பதை.

இனி கருப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். குச்சனூரில் சுயம்பு சனீஸ்வரர் கோவில். ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. அந்தக் கோவிலிலேயே சோனைக் கருப்பணசாமி இருக்கிறார். ஆடித் திருவிழாவில் அவருக்கு நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவருவது பாட்டில். ஆடு, சேவல், கூடவே பாட்டில் பாட்டிலாக மது. நான் போயிருந்த ஒரு வருடம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி, முந்தானைக்குள் மறைக்காமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஒரு பாட்டிலை ஏந்தி நின்றாள். மகனுக்கு வேலை கிடைத்ததற்காம். பகல் வெளிச்சம், ஊர்க் கூட்டம், நடுவில் அவ்வளவு சரக்கு. யார் முகத்திலும் கூச்சமில்லை. கறி வெந்தது, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மனிதனுக்கு ஆகாதது சாமிக்கு ஆகுமா என்று என் மனைவி கேட்பாள். பல வருடம் எனக்குப் பதில் இல்லை. கருப்பன் யார் என்று யோசித்தபிறகு கொஞ்சம் பிடிபட்டது. அவர் காவல் தெய்வம். ஊர் தூங்கும்போது அருவாளோடு எல்லையில் நிற்கிறவர். அதோடு, பொய் சொல்ல முடியாத சாமி. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவு முன்னால் நின்று சத்தியம் செய்யச் சொன்னால், வழக்காடுகிறவன் பாதியில் உண்மையை ஒப்புக்கொண்டு திரும்பிவிடுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எவ்வளவு ஊற்றினாலும் இந்தச் சாமி தூங்கமாட்டார், உளறமாட்டார், காவலை விடமாட்டார். நான் குடிப்பது மறப்பதற்கும் தூங்குவதற்கும். அவர் குடித்தும் விழித்திருக்கிறார். சாமி குடிக்கிறாரே, நான் குடித்தால் என்ன என்று இத்தனை வருடம் சொல்லிவந்தது பொய் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. குடிப்பதில் நான் அவர் மாதிரி, விழித்திருப்பதில் இல்லை.

சிவானந்தமே உண்மையான தேறல் என்று திருமூலர் சொன்னதும் இந்தப் பக்கம்தான் வருகிறது. அது பெரிய விஷயம், எனக்கு எட்டாதது. எனக்கு எட்டியது கட்டிங்.

குடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குவார்ட்டர் 140 ரூபாய் என்றால், கையில் 70 மட்டும் வைத்திருப்பவன் கடை வாசலில் நிற்பான். தன்னைப்போல நிற்கிற இன்னொருவனைக் கண்ணாலேயே கண்டுகொள்வான். "அண்ணே, கட்டிங்?" அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேர் காசையும் சேர்த்து ஒரு பாட்டில், ஆளுக்கு 90 மில்லி. என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர்ச் சாவடித் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதற்கு இன்றும் கணக்கு இருக்கிறது. கட்டிங்கில் இல்லை. முன்பின் தெரியாதவன் வாய் வைத்த பாட்டிலை வாங்கிக் குடிப்பான். இதை நான் உயர்வாகவே நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலை சந்தையில் எதிரே வந்தால் இருவரும் தெரியாத மாதிரிப் போய்விடுவார்கள். அதுவும் கட்டிங்கின் விதி.

அப்படி ஒருவர் எனக்கு இரண்டு வருடம் வாய்த்தார். என்னைவிட இளையவர், ஒல்லி. சாயங்காலம் ஆறரைக்கு வேப்பமரத்தடியில் நிற்பார். பாட்டிலைத் திறந்ததும் விரலை நனைத்துத் தரையில் மூன்று சொட்டுத் தெளிப்பார், கருப்பனுக்கு. பிறகு ஊற்றுவார். எப்போதும் என் டம்ளரில்தான் ஒரு விரல் கூடுதலாக இருக்கும். "நீங்க மூத்தவக" என்பார். மழை, விலை, முல்லைப் பெரியாறு அணையில் எத்தனை அடி தண்ணீர், இதற்குமேல் பேசியதில்லை. அவர் பெயரை நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் ஆளைக் காணோம். விசாரிக்கலாம் என்றால் யாரென்று சொல்லி விசாரிக்க? பத்தாம் நாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெள்ளைச் சட்டையில் அவர். பெயர், ஊர், வயது 46. எல்லாமே அந்தச் சுவரில்தான் தெரிந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். போகிற வழியில் தைரியத்துக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். வாசலில் அவர் மனைவி, பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை. "நீங்க யாருண்ணே?" என்றார். "லோடு ஏத்தப் போறப்ப கூட வேலை பார்த்தவன், தாயி" என்றேன். அவர் லோடு ஏற்றினாரா என்றே எனக்குத் தெரியாது. டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. தினமும் அவர் கையில் இருந்தது 70 ரூபாய்தான். என் 70 சேரவில்லை என்றால் அன்றைக்கு அவருக்குக் குவார்ட்டர் இல்லை. இரண்டு வருடம் அவர் குடித்த ஒவ்வொரு பாட்டிலிலும் பாதி என் காசு. நாங்கள் பகிர்ந்துகொண்டது நட்பு என்று எவ்வளவு நினைத்தேனோ, அவ்வளவும் அந்தச் சாவில் என் பங்கு. ஔவைக்கு அதியமான் பெயர் தெரியும், வீடு தெரியும், அவன் மகனைத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால், அப்பாவிடம் அந்தப் பெரியவர் சொன்னதை நானும் ஒரு நாள் சொல்லியிருப்பேன்: போதும், எந்திரி.

குடிப்பது பாவமா என்று கேட்டால் இன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது இது. நான் செய்த பாவம் எனக்குத் தெரிந்தவரை அந்த வாசலில் நடந்தது. கருப்பன் பெயரால் தெளித்த சொட்டைத் தினமும் பார்த்துவிட்டு, அவர் வீட்டு வாசலில் பொய் சொன்னேன். குடியை நான் விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. குறைந்திருக்கிறது. கட்டிங்குக்கு நிற்பதில்லை.

இந்த ஆடியில், குச்சனூர்ப் பக்கம் போவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போனேன். அன்று ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அவர் மனைவி திண்ணையில் இட்லிக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தார். "தாயி, அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. அவரு கூட வேலை பார்க்கல. கடையில பழக்கம்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும்ணே. அன்னைக்கே வாடை வந்துச்சு" என்றார்.

நான் நின்றேன். உட்காரச் சொல்வார் என்றோ, போகச் சொல்வார் என்றோ. கொஞ்ச நேரம் கழித்து, கையில் உளுந்துத் தோலோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்கிட்ட ரெண்டு வருசமா சரியாப் பேசலண்ணே. அங்க என்ன பேசுவாரு?"

பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. அணைத் தண்ணீரைப் பற்றிக் கேட்பார் என்றேன். மூன்று சொட்டுத் தெளிப்பதைச் சொன்னேன். என் டம்ளரில் எப்போதும் ஒரு விரல் கூட ஊற்றியதைச் சொன்னேன்.